கையெழுத்துப் போட்ட பிறகும் கேட்கலாம்

கேள்வி: கோத்தகிரி பக்கம் ஒரு ஹட்டி எங்கள் ஊர். எனக்கு 19 வயது. மலையிலேயே ஒரு தனியார் கலை அறிவியல் கல்லூரியில் படிக்கிறேன், மாணவியர் விடுதியில் தங்கியிருக்கிறேன். இரவு 9 மணிக்கு வார்டன் எல்லோருடைய கைபேசியையும் வாங்கி வைத்துக்கொள்கிறார். சில நாட்களில் திறந்து பார்க்கவும் செய்கிறார். நாங்கள் எங்கே இருக்கிறோம் என்று காட்டும் செயலி ஒன்றை இந்தப் பருவத்திலிருந்து போடச் சொல்லி, சம்மதக் கடிதமும் வாங்கிவிட்டார்கள். இதற்கிடையே, தவணையில் இணையத்தில் வாங்கிய என் கைபேசி 4 மாதத்தில் சார்ஜ் ஏறாமல் நின்றுவிட்டது. கோவை சர்வீஸ் சென்டரில், "உள்ளே தண்ணீர் போயிருக்கிறது, வாரண்டி கிடையாது" என்கிறார்கள். பில்லில் நான் கேட்காத பாதுகாப்புத் திட்டம் ஒன்றுக்கு 699 ரூபாய் போட்டிருக்கிறார்கள். அப்பாவோ, "எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போட்டுவிட்டு இப்போது என்ன பேச்சு?" என்கிறார். என் தம்பிக்கு 16 வயது. அவன் கைபேசியை அப்பா தினமும் திறந்து பார்ப்பது சரிதானா?

பதில்:

உங்கள் அப்பா சொல்வதைத்தான் குன்னூர் கடைவீதியிலும் நான் நாள்தோறும் கேட்கிறேன். கையெழுத்து விழுந்தால் கதை முடிந்தது என்பது நம் ஊரில் அசைக்க முடியாத நம்பிக்கை. வக்கீல் நோட்டீஸ் அனுப்பும் கம்பெனிக்கும் அந்த நம்பிக்கைதான் முதலீடு. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. கையெழுத்து எந்த நிலைமையில் வாங்கப்பட்டது, எதற்காக வாங்கப்பட்டது, மறுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற மூன்றையும் அது கேட்கிறது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டமே, ஒருவருடைய விருப்பத்தை ஆட்டிவைக்கும் இடத்தில் இருப்பவர் அந்த இடத்தைப் பயன்படுத்தி வாங்கிய சம்மதம் சுதந்திரமான சம்மதம் ஆகாது என்கிறது. செயலி என்ற சொல்லே இல்லாத காலத்து விதி அது.

முதலில் கைபேசி. அதில்தான் உங்கள் கை ஓங்கியிருக்கிறது, காலக்கெடுவும் ஓடிக்கொண்டிருக்கிறது.

பல கைபேசிகளில் சிம் தட்டு நுழையும் துளைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால் அரிசி மணி அளவில் ஒரு வெள்ளை ஒட்டு தெரியும். ஈரம் பட்டால் அது சிவப்பாகிவிடும். சர்வீஸ் சென்டர் ஊழியர் பார்ப்பது பெரும்பாலும் அதைத்தான். அது சிவந்திருந்தால், நீங்கள் கைபேசியைக் குளத்தில் போட்டீர்கள் என்று முடிவு கட்டிவிடுவார். கோத்தகிரி ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேட்டுப்பாளையம் 300 மீட்டர் சொச்சம். நடுவே 30 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான மலைப்பாதை. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், விடியற்குளிரில் சில்லிட்ட கைபேசியோடு பஸ் ஏறி, ஒன்றரை மணி நேரத்தில் சமவெளியின் ஈரக் காற்றில் இறங்குகிறீர்கள். மூக்குக்கண்ணாடியில் ஆவி படிவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதே ஆவி சார்ஜ் செருகும் துளையிலும் படியக்கூடும். உங்கள் கைபேசியில் அதுதான் நடந்தது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் ஒரு சிவப்புப் புள்ளியை மட்டும் காட்டி, "நீ தண்ணீரில் போட்டாய்" என்று அவர்கள் சொல்வதை நிரூபணம் என்று ஏற்க வேண்டியதில்லை. பொறுப்பிலிருந்து விலக்குக் கோருபவரே அதை மெய்ப்பிக்க வேண்டும் என்று காப்பீட்டு வழக்குகளில் உச்ச நீதிமன்றம் சொல்லிவந்திருக்கிறது. அந்த வாதத்தை இங்கும் வைக்கலாம். சோதித்துப் பார்க்காமல் குறையைத் தீர்மானிக்க முடியாது என்றால், பொருளை உரிய ஆய்வகத்துக்கு அனுப்ப நுகர்வோர் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. ஆய்வகக் கட்டணத்தை முதலில் நீங்கள் கட்டச் சொல்வார்கள் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

அந்த 699 ரூபாயை நீங்கள் எரிச்சலோடு குறிப்பிட்டிருக்கிறீர்கள். எனக்கோ அதைப் படித்ததும் சிரிப்பு வந்தது. அந்தத் திட்டத்தின் விதிமுறைகளை எடுத்துப் படியுங்கள். திரை உடைவுக்கு மட்டும் என்று இருந்தால் இந்தப் பத்தியைத் தாண்டிப் போய்விடலாம். நீர்ச் சேதமும் அடங்கும் என்று இருந்தால், சர்வீஸ் சென்டர் எழுதிக் கொடுத்த காகிதமே உங்களுக்குச் சாட்சி. தண்ணீர் போனது உண்மையானால் பாதுகாப்புத் திட்டம் விற்றவர் பணம் தர வேண்டும். தண்ணீர் போகவில்லை என்று அவர் சொன்னால் வாரண்டி கொடுத்தவர் பழுது நீக்க வேண்டும். இருவரும் கைவிரிக்க முடியாது. இருவரையும் எதிர்மனுதாரர்களாகச் சேர்த்துவிட்டால், ஒருவருடைய பதிலுரையை மற்றவர் முறியடிப்பதை நீங்கள் உட்கார்ந்து பார்க்கலாம்.

திட்டம் உதவாது என்றால், கேட்காமல் கட்டிவிட்டதே தனிக் குற்றச்சாட்டு. முன்கூட்டியே டிக் போட்ட கட்டத்தை வாடிக்கையாளரின் சம்மதமாகப் பதிவு செய்யக் கூடாது என்று 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் சொல்கின்றன. வாங்குபவருக்குத் தெரியாமல் கூடைக்குள் கூடுதல் பொருளை நுழைப்பது, 2023 நவம்பர் 30 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அறிவித்த வழிகாட்டுதல்களில் தடை செய்யப்பட்ட 13 தந்திரங்களில் ஒன்று.

இனி எங்கே போவது? "தாவா எழுந்தால் பெங்களூரு நீதிமன்றங்களுக்கே அதிகாரம்" என்று கம்பெனியின் விதிமுறைகளில் ஒரு வரி இருக்கும். அதைக் கண்டு அஞ்சி விட்டுவிட்டவர்களை எனக்குத் தெரியும். பழைய 1986 சட்டத்தில் எதிர்த்தரப்பு இருக்கும் இடத்துக்கோ தாவா எழுந்த இடத்துக்கோ போக வேண்டியிருந்தது. 2020 ஜூலை 20 முதல் நடப்பில் உள்ள 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், புகார்தாரர் வசிக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம் என்று மாற்றியது. அந்தச் சட்டத்தில் மலைவாசிக்குக் கிடைத்த மிகப் பெரிய வரம் இதுதான் என்பேன். ஊட்டியில் இருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையமே உங்களுக்குப் போதும். பொருளுக்குக் கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மாவட்ட ஆணையம். 5 லட்சம் வரை கட்டணமே கிடையாது. பெங்களூருக் கம்பெனியின் வக்கீல்தான் மலை ஏறி வர வேண்டும், அல்லது காணொலியில் தலைகாட்ட வேண்டும்.

போவதற்கு முன் சில வேலைகள் உண்டு. சர்வீஸ் சென்டரில் வாய்வார்த்தையோடு திரும்பாதீர்கள். பழுது விவரம் எழுதும் ஜாப் ஷீட்டில் காரணத்தை எழுதி, உள்ளே எடுத்த படத்தையும் சேர்த்துத் தரச் சொல்லுங்கள். தர மறுத்தால் அந்த மறுப்பையே அன்றைக்கே மின்னஞ்சலில் எழுதி அனுப்பிவிடுங்கள். விற்ற தளத்தின் குறைதீர் அலுவலருக்குப் புகார் அனுப்புங்கள். 48 மணி நேரத்தில் அவர் ஒப்புகை தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். கூடவே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். அது நீதிமன்றம் அல்ல, தபால்காரர் மாதிரிதான். ஆனாலும் பல கம்பெனிகள் அங்கிருந்து கடிதம் வந்ததும் இறங்கிவருகின்றன. எதற்கும் அசையாவிட்டால் நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே புகாரைத் தாக்கல் செய்யலாம். சிக்கல் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டு அவகாசம். 3 மாதத்தில், ஆய்வக சோதனை தேவைப்பட்டால் 5 மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. முயல வேண்டும் என்றுதான் சொல்கிறது. நடப்பில் அதற்கு மேல் இழுக்கும் என்று மனத்தைத் தயார்செய்துகொள்ளுங்கள்.

புகார் எழுதும்போது ஒரு நுணுக்கம். "இது அநியாய ஒப்பந்தம்" என்று தலைப்பிட்டு எழுதாதீர்கள். அநியாய ஒப்பந்தம் குறித்த புகாரை விசாரிக்கும் அதிகாரம் மாநில ஆணையத்துக்குத்தான் தரப்பட்டிருக்கிறது. ஊட்டியில் முடிய வேண்டியதைச் சென்னைக்குத் தூக்கிப்போட எதிர்த்தரப்பு அதைப் பிடித்துக்கொள்ளும். பொருளில் குறை, சேவையில் குறைபாடு, நேர்மையற்ற வணிக நடைமுறை என்று எழுதுங்கள். இன்னொன்று: கோபத்தில் தவணையை நிறுத்திவிடாதீர்கள். கடன் கொடுத்தவர் வேறு, கைபேசி விற்றவர் வேறு. தவணை தவறினால் கெடுவது உங்கள் கடன் வரலாறு.

விடுதி விஷயத்தை நுகர்வோர் ஆணையத்துக்குக் கொண்டுபோக வேண்டாம். கல்வி நிறுவனம் தருவது நுகர்வோர் சட்டத்தின்படி "சேவை"யா என்பதில் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளே இரு பக்கமும் இருக்கின்றன. அந்தச் சேற்றில் உங்கள் படிப்புக் காலமே முடிந்துவிடும்.

உங்களுக்கு நேரடியாகப் பயன்படும் தீர்ப்பு பக்கத்து மாநிலத்தில் இருக்கிறது. கோழிக்கோடு மாவட்டத்தில் ஒரு கல்லூரி விடுதி, முதலில் இரவு 10 முதல் காலை 6 வரையும், பிறகு அதை மாற்றி மாலை 6 முதல் இரவு 10 வரையும் கைபேசியைத் தடை செய்தது. மறுத்த மாணவியை வெளியேற்றியது. அவர் வழக்குப் போட்டார். இணையத்தை அணுகும் உரிமை கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் அடங்கும் என்று சொல்லி, அவரை மீண்டும் சேர்த்துக்கொள்ளுமாறு கேரள உயர் நீதிமன்றம் 2019 செப்டம்பர் 19 அன்று உத்தரவிட்டது. அதற்கு அடித்தளம், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் ஒருமித்துச் சொன்ன புட்டசாமி தீர்ப்பு. கேரளத் தீர்ப்பு தமிழ்நாட்டைக் கட்டுப்படுத்தாது. சென்னை உயர் நீதிமன்றம் அதை மதித்துப் பார்க்கும், அவ்வளவே. உங்கள் கல்லூரி தனியார் என்பதால் நீதிப்பேராணை (ரிட்) மனு நிலைக்குமா என்று முதல் நாளே சண்டை வரும். அதனால் அதைக் கடைசி ஆயுதமாக வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று செயல்களையும் தனித்தனியாகப் பிரித்துப் பாருங்கள். இரவில் மற்றவர் தூக்கத்தைக் கெடுக்கக் கூடாது என்று விதி போடுவது விடுதியின் உரிமை. அதை நானே ஆதரிப்பேன். 19 வயதுப் பெண்ணின் கைபேசியை 9 மணிக்குப் பிடுங்கி வைப்பது மிகை. படிக்க வேண்டியதில் பாதி அதற்குள்தான் இருக்கிறது. இரவில் வீட்டில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்றால் செய்தி வர வேறு வழியும் இல்லை. திறந்து பார்ப்பதோ வேறு ரகம். வைத்திருக்கக் கொடுத்தது திறக்க அனுமதி ஆகாது. உரிமையாளரின் அனுமதியின்றிக் கணினிச் சாதனத்தை அணுகுவது 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஆம் பிரிவில் இழப்பீட்டுக்கு உரிய செயல். அதில் இருப்பது உங்கள் அந்தரங்கம் மட்டுமா? உங்களோடு பேசிய தோழியின் அந்தரங்கமும், அம்மா அனுப்பிய மருத்துவச் சீட்டும் அதில் இருக்கின்றன. அவர்கள் யாரும் வார்டனிடம் கையெழுத்துப் போடவில்லை.

செயலிக்கு வருகிறேன். 2023ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சம்மதம் சுதந்திரமானதாக, குறிப்பானதாக, விவரம் அறிந்ததாக, நிபந்தனையற்றதாக இருக்க வேண்டும் என்கிறது. சொன்ன நோக்கத்துக்குத் தேவையான தரவுக்கு மேல் வாங்கிய சம்மதம் செல்லாது. கொடுத்த அதே எளிமையோடு திரும்பப் பெறவும் முடிய வேண்டும். என்ன தரவு, எதற்கு என்ற அறிவிப்பைத் தமிழில் படித்துக்கொள்ளும் வாய்ப்பையும் தர வேண்டும். "கையெழுத்துப் போடாவிட்டால் விடுதியில் இடமில்லை" என்று வாங்கிய கடிதம் இவற்றில் எத்தனையைத் தாண்டும் என்று பாருங்கள். வேடிக்கை என்னவென்றால், 18 வயதுக்குட்பட்ட மாணவர்களைப் பாதுகாப்புக்காகக் கண்காணிக்கக் கல்வி நிறுவனங்களுக்கு அந்தச் சட்டத்தின் விதிகளில் விலக்கு உண்டு. உங்களுக்கு 19 வயது. அந்த விலக்கு உங்களைத் தொடாது. ஒரு முட்டுக்கட்டையும் இருக்கிறது. விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின. தரவு திரட்டுபவர்களின் முக்கியக் கடமைகள் 18 மாதம் கழித்து, 2027 மே மாதத்தில்தான் நடப்புக்கு வரும். சட்டம் இருக்கிறது, பல் முளைக்கவில்லை. ஆனால் நாளை வரப்போகும் கடமையை இன்றே சுட்டிக்காட்டிக் கேட்க எந்தத் தடையும் இல்லை.

எனவே கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள். அந்தச் செயலி யாருடையது, எந்த நேரமெல்லாம் இருப்பிடத்தைப் பதிகிறது, விடுமுறைக்கு ஹட்டிக்குப் போனாலும் பதிகிறதா, பதிவை யார் பார்க்கிறார்கள், எத்தனை நாள் வைத்திருப்பார்கள், படிப்பு முடிந்ததும் அழிப்பார்களா? இதற்குக் கல்லூரியில் பெரும்பாலும் யாரிடமும் பதில் இருக்காது. விற்க வந்தவர் காட்டிய படங்களைப் பார்த்து வாங்கியிருப்பார்கள். பதில் இல்லாத கேள்வி கோப்பில் ஏறிவிட்டால் நிர்வாகம் தானாகவே யோசிக்கத் தொடங்கும். "பெண் பிள்ளைகளின் பாதுகாப்புக்காக" என்று சொல்வார்கள். விடுதி வாசலில் விளக்கு எரியாததும், கடைசி பஸ்ஸை விட்டால் காட்டெருமைகளுக்கு நடுவே நடந்து வர வேண்டியிருப்பதும் அதே பாதுகாப்புக் கணக்கில் வருமா என்று அதே கடிதத்தில் கேளுங்கள். மாணவர்கள் விடுதிக்கும் இதே செயலி உண்டா என்றும் கேட்டுவிடுங்கள்.

இந்த இடத்தில் இ-பாஸையும் சொல்லத் தோன்றுகிறது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வண்டிகளுக்கு அது கட்டாயமானது. மலை தாங்கும் அளவுக்குத்தான் வண்டி வர வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. மே மாதம் குன்னூரில் இருந்து ஊட்டிக்குப் போக வேண்டிய அவசரம் வந்தவர் யாரும் அதை எதிர்க்க மாட்டார். ஆனால் இத்தனை பேருடைய தொலைபேசி எண்ணும் வண்டி எண்ணும் பயண நாளும் எத்தனை காலம் சேமிப்பில் இருக்கும் என்று பெரியவர்கள் எத்தனை பேர் கேட்டோம்? அரசுக்கு அந்தத் தரவுச் சட்டத்தில் விலக்குகள் ஏராளம். போதாததற்கு, அதே சட்டம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜெ) பிரிவையும் திருத்தி, பொதுநலன் கருதித் தனிநபர் விவரம் பெறும் வாய்ப்பைச் சுருக்கிவிட்டது. குடிமகனின் அந்தரங்கத்துக்கென்று வந்த சட்டம் முதலில் பயன்பட்டது அதிகாரியின் அந்தரங்கத்துக்கு. இளைஞர்கள் வார்டனைக் கேட்கப் பழகினால் நாளைக்கு இதையும் கேட்பார்கள் என்பது என் சுயநலம்.

தம்பி விஷயத்தில் சட்டம் அப்பா பக்கம். 18 வயது வரை அவர்தான் காப்பாளர். தரவுச் சட்டமும் சிறுவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க சம்மதம் வேண்டும் என்கிறது. அந்த 18 என்ற கோடு நம் ஊருக்குப் பொருந்தவில்லை என்பது என் கருத்து. ஐரோப்பிய ஒன்றியம் இணையச் சேவைகளுக்கு 16 வயது என்று வைத்து, நாடுகள் விரும்பினால் 13 வரை குறைக்கவும் இடம் தந்திருக்கிறது. இங்கே பந்தலூர், சேரம்பாடிப் பக்கம் எஸ்டேட் லைன் வீடுகளில் போய்ப் பாருங்கள். அப்பாவின் வங்கிச் செயலியைத் திறப்பதும், ரேஷன் அட்டைக்கு ஓடிபி சொல்வதும், அம்மாவின் கொழுந்துக் கூலி ஏறிவிட்டதா என்று பார்ப்பதும் அந்த 16 வயதுப் பையன்தான். பெற்றோர் சம்மதம் என்று ஒரு பக்கம் திறந்தால், அப்பாவின் பெயரில் அவனே சம்மதமும் கொடுத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவான். காகிதத்தில் பாதுகாப்பு இருக்கும், வீட்டில் இருக்காது.

அப்பாவுக்கு ஒரு வார்த்தை. தினமும் திறந்து பார்ப்பதால் பையன் மறைக்கக் கற்றுக்கொள்வான். இரண்டாவது கணக்கு ஒன்று ஏற்கெனவே இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். பணம் வைத்து ஆடும் விளையாட்டு கைபேசியில் இருக்கிறதா என்று மட்டும் உறுதியாகப் பாருங்கள். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் அவற்றை முழுவதுமாகத் தடை செய்கிறது; ஆனாலும் வெளிநாட்டிலிருந்து நடத்தப்படுபவை வந்துகொண்டுதான் இருக்கின்றன. பணம் போய்விட்டது என்று தெரிந்தால் அடிப்பதற்கு முன் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள். முதல் சில மணி நேரத்தில் சொன்னால் பணத்தை நடுவழியில் முடக்க வாய்ப்பு உண்டு.

கடிதத்தின் கடைசியில், "கேட்டால் இன்டர்னல் மதிப்பெண்ணில் கை வைப்பார்களா, டி.சி. தராமல் இழுப்பார்களா?" என்று பென்சிலில் எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பயம் நியாயமானது. கை வைக்க மாட்டார்கள் என்று நான் உறுதி தர முடியாது. அதனால் தனியாகப் போகாதீர்கள். விடுதியில் ஏழெட்டுப் பேர் கையெழுத்திட்டு, கல்லூரி முதல்வருக்கும் மாணவர் குறைதீர் குழுவுக்கும் ஒரே நாளில் கடிதம் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2023ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி அந்தக் குழு ஒவ்வொரு கல்லூரியிலும் இருக்க வேண்டும்; புகார் வந்த 15 வேலை நாட்களுக்குள் அறிக்கை தர வேண்டும்; திருப்தி இல்லாவிட்டால் பல்கலைக்கழகக் குறைகேள் அலுவலரிடம் மேல்முறையீடு உண்டு. சான்றிதழைத் தராமல் பிடித்து வைப்பது அந்த விதிமுறைகளிலேயே தனிக் குறையாகச் சொல்லப்பட்டிருக்கிறது. தேதியிட்ட நகல் உங்கள் கையில் இருந்தால், அதற்குப் பின் மதிப்பெண் சரிந்தால் முன்பும் பின்பும் வைத்துப் பேச முடியும். வழக்கறிஞர் வேண்டும் என்றால் ஊட்டியில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது 15100க்கு அழையுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பே இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 12ஆம் பிரிவு தரும் உரிமை அது. ஆதாரும் அந்தத் தேதியிட்ட நகலும் போதும், அப்பாவின் கையெழுத்து தேவையில்லை.